கிளாரிந்தா துறந்தது என்ன?

எங்கள் நாவலூர் அடுக்ககத்தில் மூன்று வீடுகளில் வேலை செய்யும் பெண் ஒருவர் ஒன்பது ஆண்டுகளாக ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடியலில் சோறு வடித்து, குழம்பு வைத்து, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்துவிட்டு, தகரக் கூரை போட்ட ஒரு ஜெபவீட்டுக்குப் போவார். பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். முழு ஆராதனைக்கும் அவர் உட்கார்ந்தது வருடத்தில் இரண்டு மூன்று முறைதான் இருக்கும். முழுக்கு எடுக்க வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம், "உங்க வீட்டுக்காரர் சம்மதிக்கட்டும்மா, பிரச்சினை வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்காரர் சம்மதிப்பதாக இல்லை. மூன்று வீட்டுச் சம்பளத்திலும் பத்தில் ஒன்று மாதம் தவறாமல் தசமபாகமாகப் போகிறது.

"காசு வாங்கும்போது யாரும் வீட்டுக்காரர் சம்மதம் கேக்கலக்கா" என்று ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சிரித்தார்.

நான் கிறிஸ்தவ விசுவாசி அல்ல. ஆனால் அந்தச் சிரிப்பை அதற்கு முன்பே எங்கோ கேட்டிருந்தது போல இருந்தது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு பெண் இதே இடத்தில் நின்றிருக்கிறார். அவரிடமும் காசு வாங்கினார்கள். அவரையும் வாசலில் காக்க வைத்தார்கள்.

அவர் கதைக்குப் போகுமுன் 'சீடத்துவம்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம். சீடனாவதற்கு எதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று ஒரு பட்டியல் லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வருகிறது. தகப்பன், தாய், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்த ஆண்கள், பெண்கள், கடைசியில் தன் உயிர். இந்தப் பட்டியலில் 'கணவன்' இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆண்கள் என்ற எண்ணத்தில் பேசப்பட்ட பேச்சு அது, அல்லது அந்த எண்ணத்தில் எழுதி வைக்கப்பட்டது. ஆனால் அதே நூலின் 8ஆம் அதிகாரத்தில் இயேசுவோடு ஊர் ஊராக நடந்து, தங்கள் சொத்திலிருந்து செலவு செய்த பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. மகதலேனா மரியாள், யோவன்னாள், சூசன்னாள். யோவன்னாளின் கணவர் கூசா, ஏரோதிடம் காரியக்காரராக இருந்தவர். அவர் சம்மதித்தாரா என்று நற்செய்தி சொல்லவில்லை, யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

இனி பாளையங்கோட்டை.

கிளாரிந்தாவின் கதையைத் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள்: தஞ்சையில் வாழ்ந்த மராட்டியப் பிராமணப் பெண் கோகிலா. கணவர் இறந்ததும் சிதையில் ஏற்றப்பட்டார். அந்த வழியே வந்த லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி தீயிலிருந்து அவரை இழுத்துக் காப்பாற்றினார். பிறகு அவருக்கு ஆங்கிலமும் கிறிஸ்தவமும் கற்பித்தார். அ. மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் எழுதிய 'கிளாரிந்தா' நாவல் இந்தக் கதையை இன்னும் பரப்பியது. சிதை, குதிரை, வெள்ளைக்கார வீரன் என்று ஒரு சினிமாவுக்கு வேண்டியதெல்லாம் இதில் இருப்பதால் இன்றுவரை கதையின் எடை அந்தத் தீக்காட்சியின் மேல்தான் விழுகிறது.

தீயை விடக் கூடத்தில் நடந்த ஒரு பேச்சு எனக்கு முக்கியமாகப் படுகிறது. தஞ்சையில் இருக்கும்போதே அந்தப் பெண் சுவார்ட்ஸ் ஐயரைச் சந்தித்து ஞானஸ்நானம் கேட்கிறார். ஜெர்மானியரான சுவார்ட்ஸ் 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கியவர். திருச்சியிலும் தஞ்சையிலும் அரசர்களும் கம்பெனிக்காரர்களும் மதித்த போதகர். அவர் மறுத்துவிட்டார். மணம் செய்துகொள்ளாமல் ஓர் அதிகாரியோடு வாழ்கிற பெண்ணுக்கு ஞானஸ்நானம் தர முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

அந்தக் காலத்துத் திருச்சபை ஒழுங்கின்படி அவர் செய்தது சரிதான், கொடுமைக்காரர் என்று அவரைச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த ஒழுங்கு யாரிடம் என்ன விலை கேட்டது என்று பார்க்க வேண்டும். லிட்டில்டன் பிறப்பிலேயே கிறிஸ்தவர். குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் பெற்றவருக்கு இனி மறுப்பதற்கு எதுவும் இல்லை. ஒரே வீட்டில், ஒரே உறவில் இருந்த இருவரில் வாசலில் நிறுத்தப்பட்டவர் ஒருவர் மட்டுமே. உள்ளே வர வேண்டுமானால் அவர் அந்த வீட்டை விட்டு வெளியேற வேண்டும். வெளியேறி எங்கே போவது? அக்கிரகாரத்துக்கா? மொட்டையடித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, பின்கட்டில் ஒரு மூலை தருவார்கள் என்று வைத்துக்கொண்டால் கூட, வெள்ளைக்காரன் வீட்டுச் சோறு தின்றவளுக்கு அந்த மூலையும் கிடையாது. உடன்கட்டையைத் தடை செய்யும் சட்டம் வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது, அது 1829இல்தான் வந்தது. விதவை மறுமணச் சட்டம் 1856இல். ஒரே ஒரு கூரைதான் அவருக்கு இருந்தது. அந்தக் கூரையைத் துறந்தால்தான் சீடத்துவம் என்றார்கள்.

அவர் துறக்கவில்லை. நோயாளியாகிவிட்ட லிட்டில்டனோடு பாளையங்கோட்டைக்குப் போனார், கடைசிவரை அவரைக் கவனித்துக்கொண்டார். அவர் இறந்த பிறகு, 1778இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது மறுபடி கேட்டார். இந்த முறை கிடைத்தது. 'கிளாரிந்தா' என்ற பெயர் அப்போது பதிவானது. அது விவிலியப் பெயர் அல்ல, ஆங்கிலக் காதல் கவிதைகளில் வருகிற பெயர்.

இரண்டே ஆண்டுகளில், 1780இல், பாளையங்கோட்டைச் சபைக்கு ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. அதில் 40 பேர் இருந்தார்கள். பல சாதிகளைச் சேர்ந்தவர்கள். முதல் பெயர் கிளாரிந்தாவுடையது.

திருநெல்வேலித் திருச்சபை அந்த 40 பேரிலிருந்துதான் தன் வரலாற்றை எண்ணத் தொடங்குகிறது. கிளாரிந்தா சும்மா பட்டியலின் தலையில் உட்கார்ந்திருக்கவில்லை. கோட்டைப் பட்டாளத்தின் நடுவில் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்து ஒரு கோயில் கட்டினார். அதற்கு ஆங்கிலேய அதிகாரிகளிடமும் உதவி கேட்டு வாங்கினார். 1785இல் சுவார்ட்ஸ் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். சபைக்கு உபதேசியார் வேண்டும் என்று தஞ்சைவரை போய்க் கேட்டார். பல நாள் பயணம் அது, பல்லக்கிலோ மாட்டு வண்டியிலோ. அந்த ஊரில் ஒரு கிணறும் வெட்டினார். ஊர் மக்கள் அதைப் 'பாப்பாத்தி அம்மாள் கிணறு' என்றார்கள், கோயிலைப் 'பாப்பாத்தி அம்மாள் கோயில்' என்றார்கள். ஞானஸ்நானம் அவருடைய பெயரை மாற்றியது, சாதியைக் கழற்ற முடியவில்லை. பிராமணர்கள் அவரைத் தள்ளி வைத்த பிறகும் ஊர் அவரைப் பாப்பாத்தியாகவேதான் வைத்துக்கொண்டது.

இதற்கெல்லாம் பணம் ஏது? லிட்டில்டன் விட்டுப்போன சொத்துதான். எந்த உறவைக் காரணம் காட்டி அவருக்கு ஞானஸ்நானம் மறுக்கப்பட்டதோ, அந்த உறவிலிருந்து வந்த பணத்தில்தான் அந்தக் கோயில் எழுந்தது. பிரதிஷ்டை நாளில் அதைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். என் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவும் பெண் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

கிளாரிந்தாவின் தியாகம் என்று சபை நூல்களும் பள்ளி நாடகங்களும் எதைச் சொல்கின்றன? கணவனை இழந்தார், சாதியை இழந்தார், உறவுகளை இழந்தார். இவை எதுவும் அவர் கொடுத்தவை அல்ல, அவரிடமிருந்து பறிக்கப்பட்டவை. அவர் யோசித்து, முடிவு செய்து, கை நீட்டிக் கொடுத்தவை வேறு: பணம், கோயில், கிணறு, பயணம், ஓர் ஊரில் ஒரு சமூகத்தைக் கூட்டிச் சேர்த்த பல வருட உழைப்பு. இவை 'தர்மம்' என்ற பெயரில் அடுத்த வரிக்குத் தள்ளப்படுகின்றன. இழப்புக்குக் கண்ணீர், செயலுக்கு ஒரு அடிக்குறிப்பு.

இதே கணக்கு ஆண்களுக்கு எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்துகொள்ள எங்கள் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. நாவலூரிலிருந்து தெற்கே போய்க் கேளம்பாக்கத்தில் கிழக்கே திரும்பினால் கோவளம். அங்கே கடலைப் பார்த்து நிற்கும் கார்மேல் மாதா கோயில் 1808இல் கட்டப்பட்டது. கட்டியவர் ஜான் டிமான்ட்டி என்ற போர்த்துகீசிய வணிகர். பெரும் செல்வந்தர், மயிலாப்பூர்ப் பக்கம் நிறையச் சொத்து வைத்திருந்தவர். (2015இல் வந்த படம் ஒன்று அவரைப் பேயாக்கிவிட்டது. பாவம்.) அவரை எல்லோரும் 'கொடையாளர்' என்கிறார்கள். அவர் யாரோடு வாழ்ந்தார், பணம் எந்த வழியில் வந்தது என்பதை வைத்துக் கோயிலின் கதையை யாரும் தொடங்குவதில்லை. கிளாரிந்தாவின் கோயிலைப் பற்றிப் பேச வாயெடுத்தால் முதலில் சிதை, அடுத்து லிட்டில்டன், அப்புறம் சுவார்ட்ஸ். கோயில் கட்டின கையைப் பார்க்க மூன்று ஆண்களைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது.

அவர் கேட்டு வாங்கிய ஊழியத்தின் பலன் யாருக்குப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். பாளையங்கோட்டைக்கு வந்த சத்தியநாதன் 1790இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்றார். தமிழரான ஒருவர் போதகரானது அன்று பெரிய செய்தி. அந்தச் சமயத்தில் ஆற்றிய பிரசங்கம் லண்டனில் அச்சேறியது. சபையைத் திரட்டி, கோயிலைக் கட்டி, போதகரை வரவழைத்தவருக்கு அந்தப் பீடத்தில் ஏறுவதைப் பற்றிய நினைப்பே வந்திருக்காது. தென்னிந்தியத் திருச்சபை ஒரு பெண்ணை முதன்முதலாகப் பேராயராக்கியது 2013இல், ஆந்திராவின் நந்தியாலில், புஷ்ப லலிதா. கிளாரிந்தாவின் கோயில் பிரதிஷ்டையாகி 228 ஆண்டுகள் கழித்து.

இழந்ததும் கொடுத்ததும் ஒன்றாகக் கலந்துபோகும் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரிவது நகை விஷயத்தில். திருநெல்வேலிச் சீமையில் கிளாரிந்தாவுக்கு நூறு வருடம் பின்னால் வந்தவர் பொன்னம்மாள், இளம் விதவை. 1895இல் இந்தியா வந்து, 1951இல் இறக்கும்வரை இங்கேயே இருந்துவிட்ட அயர்லாந்துப் பெண் ஏமி கார்மைக்கேலோடு சேர்ந்து ஊர் ஊராகப் போன பெண்கள் குழுவில் ஒருவர். ஒரு கூட்டத்தில் சிறுமி ஒருத்தி பொன்னம்மாளின் நகைகளைப் பார்த்துவிட்டு, பெரியவளானதும் நானும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்து அந்த அக்கா மாதிரி நகை போடப் போகிறேன் என்று சொன்னாளாம். அது காதில் விழுந்த பிறகு பொன்னம்மாள் நகைகளைக் கழற்றிவிட்டார். ஒருவர் பின் ஒருவராக மற்றப் பெண்களும் கழற்றினார்கள்.

இதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. நிலமும் வீடும் ஆண்கள் பெயரில் இருக்கும் சமூகத்தில் பெண்ணுக்கென்று இருந்த ஒரே சொத்து உடம்பில் இருந்த தங்கம். குடும்பத்தின் மானமும் அதில்தான் தொங்கியது. வெறுங்கழுத்தோடு ஒரு பெண் தெருவில் நடந்தால் பார்க்கிறவர்கள் அவளை அல்ல, அவள் வீட்டாரைத்தான் ஏசுவார்கள். கிறிஸ்தவ வீடுகளிலேயே இதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது.

எனக்கும் இதில் இரண்டு மனம். பெண்ணின் ஒரே சொத்தைக் கழற்றி வைப்பதைப் புனிதம் என்று கொண்டாட எனக்கு வரவில்லை. விதவையின் கழுத்திலிருந்து ஊர் கூடி நகையைப் பறிப்பதற்கும், சீடத்துவம் என்று அவரே கழற்றுவதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது, இரண்டும் வெறுங்கழுத்துதான். ஆனால் பொன்னம்மாள் வாழ்க்கையில் அடுத்து நடந்ததைப் பார்த்தால் அந்த வித்தியாசம் பெரியது. மாமனார் வீட்டுச் சுவர்களுக்குள் அடைந்து கிடந்த பெண் ராத்திரி பகலென்று கிராமங்களில் நடந்தார். 1901இல் கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமியிலிருந்து டோனாவூர்க் குழந்தைகள் இல்லம் தொடங்கியபோது அதைத் தாங்கிய கைகளில் முதன்மையானவை அவருடையவை. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நெய்யூரில் கைக்குழந்தைகளுக்கு ஒரு கிளை வைத்தார்கள், அதை நடத்தியவரும் அவரே. வயிற்றுக்கடுப்பு பரவி அங்கே குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது பக்கத்தில் இருந்தவரும் அவர். 1915இல் புற்றுநோயில் இறந்தார்.

அவர் வாழ்க்கை வரலாற்றை ஏமி 1918இல் எழுதினார், அன்பாகத்தான் எழுதினார். இருந்தாலும் பொன்னம்மாளின் மனம் நமக்குக் கிடைப்பது ஏமியின் ஆங்கிலத்தில்தான். டோனாவூரில் வெளிநாட்டுப் பெண்களைச் 'சித்தி' என்றும் நம் பெண்களை 'அக்காள்' என்றும் குழந்தைகள் அழைத்தார்கள். இரண்டும் பாசமான சொற்களே. ஆனால் நம் குடும்பங்களில் சித்திக்கும் அக்காளுக்கும் இடையில் ஒரு படி இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கிளாரிந்தாவுக்கு ஒரு பெயராவது மிஞ்சியது, பொன்னம்மாளுக்கு ஒரு புத்தகம். இரண்டும் இல்லாதவர்கள் எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துச் சேரிப் பெண்கள். கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கை புகழ்பெற்றது. பஞ்சமி நிலம் பற்றிய 1892ஆம் ஆண்டு அரசாணை அதன் தொடர்ச்சியாக வந்ததுதான். அறிக்கையில் மிராசுதார்களின் கையில் இருந்த முக்கியமான ஆயுதம் ஒன்று வெளிப்படுகிறது. சேரிக்காரர்களின் குடிசை நின்ற மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால், கூலி கேட்டால், பாதிரியார் பக்கம் போனால் குடிசையைக் காலி செய் என்று சொல்லிவிடலாம். செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ போன்றவர்கள் இதை அரசிடம் வலியுறுத்தினார்கள். வெளியேற்றப்பட்டால் போக ஓர் இடம் வேண்டும் என்றுதான் மெல்ரோசாபுரம், ஆண்ட்ரேயபுரம் போன்ற குடியிருப்புகள் உருவாகின.

மேல்சாதிக்காரர் மதம் மாறினால் சொத்துரிமை போகும் என்ற பிரச்சினைக்கு 1850இலேயே சட்டம் தீர்வு சொல்லிவிட்டது. சேரிக்கு நாற்பது வருடம் கழித்தும் மனைப்பட்டா இல்லை. படியாள் குடும்பத்தில் ஆண் ஏர் பிடித்தால், நடவும் களையெடுப்பும் மாட்டுக்கொட்டகைச் சாணியும் பெண்ணின் தலையில். குடிசை போகிறது என்றால் அடுப்பும் பானையும் தூக்கிக்கொண்டு மரத்தடியில் உட்காருவது அவள்தான். அந்தச் சூழ்நிலையில் ஞானஸ்நானம் எடுத்த பெண் எதைத் துறந்தாள் என்று எந்தப் பிரசங்கத்திலும் வராது. துறப்பதற்கு முதலில் ஏதாவது சொந்தமாக இருக்க வேண்டும் என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். அவளோ தனக்குச் சொந்தமில்லாத மனையை, அதுவும் போய்விடும் என்று தெரிந்தே, பணயம் வைத்தாள்.

1950இல் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். சேரி அதே சேரிதான், கல்லறையில்கூடச் சுவர் எழுப்பிப் பிரிக்கிற சபைகள் இருக்கின்றன. மாறுவது சான்றிதழ் மட்டும்.

எங்கள் வீட்டுக்கு வரும் பெண்ணின் மகள் இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டுக்காரர் சம்மதம் என்பது பாதிக் காரணம்தான், மீதிக் காரணத்தைப் போன மாதம்தான் சொன்னார். பொண்ணுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும், கல்லூரியில் உதவித்தொகை வேண்டும். அம்மா முழுக்கு எடுத்துவிட்டால் அதைக் காட்டி யாராவது நாளைக்கு மகளுடைய சான்றிதழைக் கிளறினால் என்ன செய்வது? ஜெபவீட்டில் ஒரு நாள் பிரசங்கம், சிலுவை சுமக்கத் தயங்குகிறவர்களைப் பற்றி. தன்னைத்தான் பார்த்துச் சொல்வது போல இருந்ததாம்.

"நான் எடுத்துடுவேன்க்கா. எனக்கென்ன பயம்? எதுனா போறதுன்னா என்னோட போவட்டும். ஆனா இது அவளோடது. அவளோடத எடுத்து நான் எப்படிக் குடுக்கறது?"

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மகளுக்கு விண்ணப்பம் நிரப்ப ஒரு நாள் உதவ முடியுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறேன்.